டப்பாவில் கிடக்கும் பழைய காசை இணையத்தில் விற்பது எப்படி? செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு செய்முறை

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் ஊர் திரும்பியபோது மடியில் மிஞ்சிய சில்லறையும் கூடவே வந்தது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தால் விக்டோரியா ராணி ரூபாயோடு இலங்கையின் சதுர ஐந்து சதம், மலாயாவின் சதுர ஒரு சென்ட், பர்மாவின் மயில் ரூபாய், பக்கத்துப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசு எல்லாம் கலந்து விழும். ‘இதெல்லாம் எவ்வளவு போகும்?’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு இங்கே பதில் இல்லை. விற்ற பிறகு கையில் எவ்வளவு நிற்கும், எங்கே ஏமாறுவீர்கள், எங்கே அறியாமல் பிறரை ஏமாற்றுவீர்கள் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: காசு யாருடையது?

நம் பக்கம் இதை முதலில் கேட்டாக வேண்டும். பொது வீட்டில் கிடைத்த டப்பா என்றால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் அதில் பேச்சு உண்டு. காசுகளைப் படம் எடுத்துப் பங்காளிகளுக்கு அனுப்பி, ‘விற்கச் சம்மதம்’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் அடுத்த திருமணத்தில் முகம் திருப்பிக்கொள்ளும்வரைதான் செல்லும்.

வீட்டை இடிக்கும்போது சுவரிலோ தரைக்கடியிலோ கிடைத்தது என்றால் கதையே வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் மண்ணுக்குள் மறைந்திருப்பதை மட்டுமல்ல, மண்ணோடு பிணைந்த கட்டுமானத்துக்குள் மறைந்திருப்பதையும் புதையல் என்கிறது. அதன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதை விற்பனைப் படமாக இணையத்தில் போடுவது உங்களுக்கு எதிரான சாட்சியத்தை நீங்களே பதிவேற்றுவதாகும்.

இன்னொரு சட்டம், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ‘சிங்கப்பூரில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார், சித்தப்பா மகன் ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்பினால் போதும்’ என்ற யோசனை செட்டிநாட்டில் எளிதில் தோன்றும். தோன்றியதும் விட்டுவிடுங்கள். வீட்டில் கிடைத்த நாலைந்தை விற்பதோடு நில்லாமல், வாங்கி விற்பதைத் தொழிலாகவே கொள்வதானால் இதே சட்டத்தின்படி உரிமம் வேண்டும்.

படி 2: தேய்த்து விளக்காதீர்கள்

பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுப் பளபளவென்று விளக்குகிற கை, காசைக் கண்டதும் சும்மா இராது. ஆச்சிமார் முந்திக்கொள்ளும் முன் டப்பாவைப் பத்திரப்படுத்துங்கள். வெள்ளியின் மேல் ஆண்டுக்கணக்கில் படிந்த கருமையைச் சேகரிப்பவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். புளி, சாம்பல், பற்பசை எதைப் போட்டுத் தேய்த்தாலும் மயிரிழைக் கீறல்கள் விழும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் ஒரே திசையில் ஓடும். தேய்த்த காசு என்று உடனே தெரிந்துவிடும், விலையும் இறங்கிவிடும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவிட்டுத் துணியால் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் கை வைக்க வேண்டாம்.

படி 3: எடை, காந்தம், பூதக்கண்ணாடி

0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்று வாங்குங்கள். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். தேய்மானத்தால் சிறிது குறையலாம். ஒரு கிராம் குறைந்தால் சந்தேகப்படுங்கள். 1939 வரை வந்த ரூபாயில் வெள்ளி 91.7 விழுக்காடு. 1940 முதல் 1945 வரை வந்ததில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் முழுக்க நிக்கல், காந்தத்தில் ஒட்டும். வெள்ளி ரூபாய் ஒட்டக் கூடாது.

ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் எந்த ஆலையில் அச்சடித்தது என்று பார்க்க, பின்பக்கத்தின் அடியில் உள்ள தாமரையைப் பாருங்கள். அதன் கீழே மேடான சிறு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. 1911ஆம் ஆண்டு ரூபாய் கிடைத்தால் கொஞ்சம் நிதானியுங்கள். மன்னர் அங்கியில் இருக்கும் யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912இல் அந்த உருவத்தைத் திருத்தினார்கள். 1911 அதனால்தான் அரிது. ஆகவே ஆண்டை மட்டும் பார்க்காமல் யானையையும் பாருங்கள். 1911 என்று எண் இருந்து, தும்பிக்கை தெளிவாக நீண்ட திருத்திய யானை இருந்தால் யாரோ எண்ணில் கைவைத்திருக்கிறார்கள்.

சதுரக் காசுகள் பார்வைக்கு விசித்திரம், ஆனால் பெரும்பாலானவை சாதாரணம். அதனால் வடிவத்தைக் கண்டு மயங்க வேண்டாம். ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்றிருக்கும் செம்பு வில்லை கிடைத்தால் அது காசே இல்லை. கம்பெனி அப்படி ஒன்றை வெளியிட்டதே கிடையாது. பூஜை அறையில் வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு ஆண்டுப் பழமை என்று விற்பது மோசடி. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் என்று யாராவது பேச்செடுத்தால் அவரிடம் அந்த நிமிடத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

படி 4: செலவுக் கணக்கு

இணையத்தில் ஒருவர் லட்சம் என்று போட்டிருப்பது அவருடைய ஆசை. விற்று முடிந்த விலைதான் விலை. மும்பை, பெங்களூரு ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன. உங்கள் காசின் அதே ஆண்டு, அதே ஆலை, ஏறக்குறைய அதே தேய்மானம் உள்ளதைத் தேடுங்கள். வெள்ளி ரூபாய்க்கு ஓர் அடிவிலையும் உண்டு. முழு எடையுள்ள 91.7 விழுக்காட்டு ரூபாயில் 10.69 கிராம் வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பார்த்து, அதற்குக் கீழே போகாதீர்கள்.

ஒரு காசு 5,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் கமிஷன் 10 விழுக்காடு என்றால் 500 போயிற்று. அந்தக் கமிஷன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., 90. அஞ்சல், காப்பீடு, பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு 200. மிச்சம் 4,210. வாங்கியவர் திருப்பி அனுப்பினால் அஞ்சல் செலவு இரண்டு மடங்கு, வருமானம் பூஜ்யம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் அதே காசுக்கு 3,900 ரொக்கமாகக் கொடுத்தால், 310 ரூபாய்க்காக இவ்வளவு அலைச்சல் தேவையா? சாதாரண ரூபாய்க்குத் தேவையில்லை என்பேன். அரிய ஆண்டு, தேயாத முகம் என்றால் மட்டுமே இணையம் கட்டுபடியாகும். 70 புள்ளி அளவுகோலில் தரம் போட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் அமெரிக்க நிறுவனச் சான்றிதழும் அப்படித்தான். சாதாரணக் காசுக்குச் சான்றிதழ் செலவு காசின் விலையையே விழுங்கிவிடும். நூறு ஆண்டு ஆன காசு என்றால் படி 1இல் சொன்ன தடை இதற்கும் உண்டு, சான்றிதழுக்காகவும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

படி 5: குறையை முதல் வரியில் எழுதுங்கள்

நம் ஊர்க் காசுகளில் அதிகம் காணும் குறை, மாலையில் கோத்ததன் தடயம். மேல் விளிம்பில், கிரீடத்துக்கு நேர் மேலே, வளையம் பற்றவைத்த இடம் லேசாகப் புடைத்து, சுற்றிலும் சற்றே வேறு நிறத்தில் இருக்கும். துளையிட்டு அடைத்திருந்தால் எதிர்ப்பக்கத்தில் எழுத்துக் கோடு ஓரிடத்தில் அறுபட்டிருக்கும். தெரிந்த வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வியே, ‘ஐயா, விளிம்பைத் தனியாகப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?’ என்பதுதான். அவர் கேட்கும் முன் நீங்களே போட்டுவிடுங்கள். மாதிரிக்கு ஒன்று:

‘ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாய், 1918, பம்பாய். மேல் விளிம்பில் வளையம் பற்றவைத்த தடயம் உண்டு (மூன்றாவது படம்). முன்பு ஒருமுறை தேய்த்து விளக்கப்பட்டது. எடை 11.52 கிராம். வீட்டுக் காசு. நிபுணரிடம் காட்டவில்லை. ஏழு நாளுக்குள் அதே நிலையில் திருப்பினால் பணம் வாபஸ்.’

‘மிக அரிது’, ‘அதிர்ஷ்டக் காசு’, ‘செட்டியார் வீட்டுப் பொக்கிஷம்’ ஆகியவற்றை எழுதாதீர்கள். கடைசியாகச் சொன்னதைப் பார்த்தே பலர் விலகிப் போவார்கள். படங்களைப் பகல் வெளிச்சத்தில், முகப்புத் திண்ணையில் வைத்து எடுங்கள். நிறத்தைத் திருத்தும் வடிகட்டி வேண்டாம்.

படி 6: பணம் வாங்குதல்

பணம் பெறுவதற்கு ரகசிய எண் எதையும் போட வேண்டியதில்லை. ‘இந்தக் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் உங்களுக்குப் பணம் வரும்’ என்பவர் திருடர். விலை பேசாமல் ஒத்துக்கொண்டு, ராணுவத்தில் இருக்கிறேன் என்று அடையாள அட்டைப் படம் அனுப்புபவரும் பெரும்பாலும் அவரே. வைஷ்ணவதேவி நாணயத்துக்குப் பத்து லட்சம், டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு ஐந்து லட்சம், ஆனால் முதலில் பதிவுக் கட்டணமும் வரியும் கட்டுங்கள் என்று வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே ரகம். இவர்கள் ரிசர்வ் வங்கியின் பெயரைப் பயன்படுத்துவதால் அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது: பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று. பணம் போய்விட்டால் தயங்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

படி 7: அனுப்புதல்

பல தனியார் கூரியர்களின் விதியில் நாணயம் ஏற்கத் தகாத பொருள். சொல்லாமல் அனுப்பித் தொலைந்தால் இழப்பீடு கேட்க வழியில்லை. அஞ்சலகத்தில் உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லி, உண்மை மதிப்பைக் குறிப்பிட்டுக் காப்பீட்டோடு அனுப்புங்கள். காசு உறைக்குள் ஆடிக் கிலுகிலுக்கக் கூடாது. இரு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து நாலு பக்கமும் ஒட்டுங்கள். ஆனால் ஒட்டும் நாடா காசின் மேல் படக் கூடாது. தராசில் வைத்து எடை காட்டுவதிலிருந்து பெட்டியை மூடி முகவரி ஒட்டுவதுவரை இடைவெட்டில்லாமல் ஒரே காணொளியாக எடுத்து வையுங்கள்.

காசு திரும்பி வந்தாலும் அதேபோல் காணொளி எடுத்தபடியே பெட்டியைப் பிரியுங்கள். நல்ல காசை வைத்துக்கொண்டு தேய்ந்ததைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. எடையையும், விளிம்பில் இருக்கும் கீறலையும் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் அன்றே பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பொருந்தாவிட்டால் இரண்டு காணொளியையும் இணைத்துத் தளத்தில் புகார் பதியுங்கள். அது தீரும்வரை அந்தப் பணத்தைப் பங்காளிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டாம்.