மாணவர் பேரவைக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் மட்டும் போதுமா?

கல்லூரி மாணவர் பேரவையில் பொறுப்பாளர்களின் ஆயுள் ஓராண்டுதான். மாணவர் தேர்தல் பற்றி ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரையை 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன்படி, நிர்வாகப் பொறுப்புக்கு ஒருவர் ஒரே முறைதான் போட்டியிடலாம். செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இரண்டு முறை. தேர்தல் இல்லாமல் நியமனம் நடக்கும் கல்லூரிகளிலும் இறுதியாண்டு மாணவர்களுக்கே பொறுப்பு கொடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். அதனால் "எல்லாரும் வாட்ஸ்அப்பில்தானே இருக்காங்க, ஒரு குரூப் போட்டுடலாம்" என்று தொடங்கினால், அடுத்த ஜூனில் மறுபடி முதலிலிருந்துதான். போன வருடம் சவுண்ட் சர்வீஸுக்கு எவ்வளவு கொடுத்தோம், கலையரங்கத்துக்கு யாரிடம் கையெழுத்து வாங்கினோம் என்பதெல்லாம் படித்து முடித்துப் போனவரின் போனில் கிடக்கும்.

ஆகவே ஒரு செயலியில் என்னென்ன வசதி இருக்கிறது என்று பார்ப்பது இரண்டாவது வேலை. இந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கும், அவர் போன பிறகு யார் கையில் இருக்கும் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

போகிற செய்திகளைப் பிரித்துப் பாருங்கள்

கடந்த ஒரு மாதத்தில் பேரவைக்குள் போன செய்திகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அநேகமாக நான்கு வகைக்குள் அடங்கிவிடும். எல்லா மாணவருக்கும் போகும் அறிவிப்பு; சி.ஆர்.களிடமிருந்து (வகுப்புப் பிரதிநிதிகள்) பெயர்ப் பட்டியல், பணம், ஓ.டி. (நிகழ்ச்சிக்காக வகுப்புக்கு வராதவர்களுக்கான 'ஆன் டியூட்டி') விவரம் கேட்பது; நிர்வாகிகளுக்குள் நடக்கும் விவாதம்; மாணவர்களின் புகார். இந்த நான்கையும் ஒரே குரூப்பில் கொட்டுவதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். ஓ.டி. பட்டியல் கேட்ட செய்திக்குக் கீழே நாற்பது பிறந்தநாள் வாழ்த்து வந்தால், எட்டாவது சி.ஆர். அந்தச் செய்தியைப் பார்க்கவே மாட்டார்.

அடுத்து தலைகளை எண்ணுங்கள். 2,400 மாணவர், 40 வகுப்பு உள்ள கல்லூரி என்றால், வகுப்புக்கு இரண்டு பேர் வீதம் 80 சி.ஆர்.; துறைச் செயலாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்; நிர்வாகிகள் ஐந்தாறு பேர்; ஆலோசகராக ஓர் ஆசிரியர். பேரவை உண்மையில் பேச வேண்டியது இந்த நூறு பேரிடம்தான். மீதிப் பேரை அடைய வகுப்பு குரூப்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 2,400 பேரையும் ஒரே இடத்தில் சேர்க்க முயல வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர்தான் சேர முடியும் என்பது இருக்கட்டும், அவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் "இது உண்மையா?" என்று ஒருவர் கேட்டாலே மூன்று மணி நேரத்துக்கு அதுதான் ஓடும்.

எதை எதற்கு வைத்துக்கொள்வது

அறிவிப்புக்கு வாட்ஸ்அப்பை விட்டு வெளியே போகாதீர்கள். புதுச் செயலியை இறக்கிக்கொள்ளச் சொன்னால் பாதிப் பேர் இறக்க மாட்டார்கள். இறக்கியவர்களும் நோட்டிபிகேஷனை அணைத்துவிடுவார்கள். ஆனால் சாதாரண குரூப்பாகத் தொடங்காமல், பல குரூப்களை ஒரே குடையின்கீழ் வைக்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டியாகத் தொடங்குங்கள். அதன் அறிவிப்புப் பகுதியில் அட்மின் மட்டுமே எழுத முடியும். உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. இது சின்ன விஷயமில்லை. சாதாரண குரூப்பில் சேர்த்த மறுநாளே தெரியாத எண்ணிலிருந்து "ஹாய்" வந்ததால் சி.ஆர். பொறுப்பே வேண்டாம் என்று மாணவிகள் ஒதுங்குவது பல கல்லூரிகளில் நடக்கிறது. கம்யூனிட்டிக்குள் இருக்கும் துணை குரூப்களில் எண் தெரியும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒருவரைக் கேட்காமல் அவரை அவற்றில் சேர்க்கக் கூடாது.

குரூப்பில் செய்ய வேண்டிய அமைப்புகள் மூன்று. ஒன்று, அட்மின்கள் குறைந்தது மூன்று பேர். அதில் ஒருவர் ஆலோசக ஆசிரியர். அட்மின் ஒருவரே இருந்து அவரும் வெளியேறிவிட்டால், உறுப்பினர்களில் யாரோ ஒருவரை வாட்ஸ்அப் தானாகவே அட்மினாக்கிவிடும். அது முதலாண்டு மாணவராகவும் இருக்கலாம். இரண்டு, புதிதாகச் சேருவோருக்கு அட்மின் ஒப்புதல் தேவை என்ற அமைப்பை இயக்கி வையுங்கள். மூன்று, சேர்க்கை முடிந்ததும் அழைப்பு லிங்க்கை ரீசெட் செய்துவிடுங்கள். பழைய லிங்க் எங்கோ சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் வழியாகத்தான் கடன் செயலி ஏஜென்ட்டும் கோச்சிங் சென்டர்காரரும் உள்ளே வருகிறார்கள்.

நிர்வாகிகளின் விவாதத்துக்கு வாட்ஸ்அப் சரிப்படாது. கல்ச்சுரல்ஸ் பேச்சும் கேன்டீன் பிரச்சினையும் விளையாட்டு விழா பட்ஜெட்டும் ஒரே ஓட்டத்தில் கலந்துபோகும். நடுவில் சேர்ந்தவருக்கு முந்தைய பேச்சு முழுதாகக் கிடைக்காது. கல்லூரியில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான கூகுள் கணக்குத் தொகுப்பு) இருந்தால் கூகுள் சாட்டில் நிகழ்ச்சிக்கு ஒரு ஸ்பேஸ், அதாவது தனி அரட்டை அறை, திறந்துகொள்வது நல்லது. மைக்ரோசாஃப்ட் இருந்தால் டீம்ஸ். இரண்டும் இல்லாத கல்லூரியில் டெலிகிராம் குரூப்பில், பேச்சைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கும் டாபிக்ஸ் வசதியை இயக்கிப் பயன்படுத்தலாம். பழைய செய்தியைப் புதியவரும் படிக்கலாம், 2 ஜிபி வரை கோப்பு அனுப்பலாம், போன் எண்ணை மறைத்து யூசர்நேமோடு இருக்கலாம். டெலிகிராமின் சாதாரண அரட்டை முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு) கொண்டதில்லை. எனவே மாணவர் புகாரோ வங்கி விவரமோ அங்கே போகக் கூடாது.

அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கைப் பரிந்துரைப்பவர்கள் எல்லாக் கல்லூரியிலும் ஒருவராவது இருப்பார், பெரும்பாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில். செயலி அருமையானதுதான். ஆனால் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகள்தான் தெரியும். செப்டம்பர் சிம்போசியத்தின் பில்லை பிப்ரவரியில் கணக்கு முடிக்கும்போது தேடினால் கிடைக்காது. காசு கட்ட முடியாத பேரவைக்கு இது ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல. டிஸ்கார்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஓடட்டும். ஆசிரியர்களை அங்கே கூட்டிவருவது நடக்காத காரியம்.

கல்லூரி அலுவலகத்தின் மொத்தக் குறுஞ்செய்தி வசதியைக் கேட்டு வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, அனுப்புபவர் பெயரும் செய்தி வார்ப்பும் (செய்தியின் மாதிரி வாசகம்) முன்கூட்டியே டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். நினைத்தபோது நினைத்ததை அனுப்ப முடியாது. அடுத்து, ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறியீடுதான். அதிலும் புள்ளியும் துணைக்கால் போன்ற குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். "வணக்கம்" என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்குக்கு ஏழு. இரண்டு வரி எழுதினாலே இரண்டு செய்திக்கான கட்டணம் விழும். தேர்வுத் தேதி மாற்றம் போன்ற அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதி மெஸ் வாசலில் இருக்கும் நோட்டீஸ் போர்டைக் கைவிட வேண்டாம். போன் அனுமதிக்காத விடுதிகள் இன்னும் இருக்கின்றன.

கணக்கு பதவிக்கு, ஆளுக்கு அல்ல

கல்லூரியின் சிஸ்டம் அட்மினிடம் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய பதவிகளின் பெயரில் மின்னஞ்சல் முகவரி கேளுங்கள். கொடுக்க மறுத்தால், பேரவை பெயரில் ஒரு கூகுள் குரூப் முகவரியாவது (பல பேருக்கும் அஞ்சல் போய்ச் சேரும் பொது முகவரி) வாங்குங்கள். ஆண்டுதோறும் உள்ளே இருக்கும் ஆட்களை மட்டும் மாற்றினால் போதும். கோரிக்கைக் கடிதம் ஆலோசக ஆசிரியர் வழியாகப் போனால் வேலை சீக்கிரம் முடியும்.

பதவிப் பெயரில் வாங்கிய கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கும்போதுதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போதைய செயலாளர் தன் சொந்த எண்ணைக் கொடுத்துவிடுவார். அடுத்த ஆண்டு அவர் பெங்களூருவில் வேலையில் இருப்பார், ஓ.டி.பி. அவருக்குப் போகும், போனை எடுக்க மாட்டார். ஓ.டி.பி. இல்லாமலும் உள்ளே நுழைய, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பேக்கப் கோடுகள் கிடைக்கும்: எட்டு இலக்கத்தில் பத்து எண்கள், ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு மட்டும். அதை அச்சிட்டு உறையிலிட்டு ஒட்டி ஆலோசக ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள். புதிய செயலாளர் வந்ததும் எண்ணை மாற்றி, புதிய கோடுகளை எடுத்து, பழைய தாளைக் கிழித்துவிட வேண்டும்.

கோப்புகளுக்கும் இதே கதைதான். செயலாளர் கூகுள் டிரைவில் தன் 'மை டிரைவ்' பகுதியில் ஃபோல்டர் திறந்து எல்லாருக்கும் பகிர்ந்தால், அது அவருடைய சொத்து. படிப்பு முடிந்து கல்லூரி அவர் கணக்கை நீக்கும்போது ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும். ஷேர்டு டிரைவில் வைத்தால் கோப்பு நிறுவனத்துக்குச் சொந்தம். யார் போனாலும் இருக்கும். தனிப்பட்ட ஜிமெயிலில் ஷேர்டு டிரைவ் கிடையாது. கல்லூரிக் கணக்கில் உண்டு, ஆனால் சிஸ்டம் அட்மின் அதை அணைத்து வைத்திருக்கலாம். கேட்டு இயக்கச் சொல்லுங்கள்.

புகாருக்குத் தனி வழி

புகாரை எந்த குரூப்பிலும் வாங்காதீர்கள். கூகுள் ஃபார்ம் போதும், ஆனால் பெயர் தெரியாமல் எழுதலாம் என்று அறிவிப்பதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள்: மின்னஞ்சல் சேகரிப்பு அணைந்திருக்க வேண்டும், "ஒரு முறை மட்டும் பதில்" அணைந்திருக்க வேண்டும், கோப்பு ஏற்றும் கேள்வி இருக்கவே கூடாது. பின்னிரண்டில் எது இருந்தாலும் மாணவர் லாகின் செய்துதான் ஃபார்மைத் திறக்க முடியும். ரகசியம் என்று சொன்னதை அவர் நம்ப மாட்டார். கல்லூரிக் கணக்கிலிருந்து உருவாக்கிய ஃபார்ம் கல்லூரிக்காரர்களுக்கு மட்டும் என்று பூட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேறொரு போனில், லாகின் இல்லாத பிரவுசரில் திறந்து பார்ப்பதுதான் நிச்சயமான சோதனை.

ராகிங், பாலியல் தொல்லை இரண்டும் பேரவை விசாரிக்கும் விஷயங்கள் அல்ல. ஃபார்மின் முதல் வரியிலேயே தேசிய ராகிங் எதிர்ப்பு உதவி எண் 1800-180-5522, கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவின் தொடர்பு விவரம் இரண்டையும் போட்டுவிடுங்கள்.

வாக்கெடுப்பிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பின் 'போல்' வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்று எல்லாருக்கும் தெரியும். சுற்றுலா ஊட்டியா கொடைக்கானலா என்பதற்குச் சரி; ஒரு நிர்வாகி மீதான தீர்மானத்துக்கு ஆகாது.

சோதித்துப் பார்க்கும் இரண்டு வாரம்

முழுசாக இறங்குவதற்கு முன் பொங்கல் விழா மாதிரி ஒரு சின்ன நிகழ்ச்சியை இந்த அமைப்பில் நடத்திப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை: 80 சி.ஆர்.களில் எத்தனை பேர் ஒரு நாளைக்குள் பதில் தந்தார்கள். அறிவிப்பில் இருந்ததையே எத்தனை பேர் தனியாகக் கேட்டார்கள். பத்து நாளுக்கு முந்தைய கலையரங்க அனுமதிக் கடிதத்தைப் பொருளாளர் ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்டினாரா. மூன்றாவதில் தோற்றால் மற்றது எவ்வளவு நன்றாக நடந்தாலும் அமைப்பை மாற்றுங்கள்.

ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் செயலியைக் குறை சொல்லாமல் செய்தியைப் பாருங்கள். சுற்றறிக்கையைப் போட்டோ பிடித்துப் போடுவது பெரும் வழக்கம். அதைத் தேடி எடுக்க முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததைக் காப்பி செய்து ஒட்டினால் வெறும் குப்பை எழுத்துகள்தான் வரும். யூனிகோடில் அடித்து இப்படிப் போடுங்கள்:

"அறிவிப்பு 14. பொங்கல் விழா கோலப்போட்டி. ஜனவரி 9 காலை 10 மணி, முதன்மைக் கட்டட முற்றம். வகுப்புக்கு 4 பேர். பெயர்களை சி.ஆர். மட்டும் ஜனவரி 6 மாலை 4 மணிக்குள் ஃபார்மில் நிரப்பவும். ஓ.டி. 10 முதல் 12.30 வரை."

வரிசை எண் சும்மா இல்லை. ஐப்பசி மழையில் கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு போலி விடுமுறைக் கடிதம் சுற்றும்போது, எண் இல்லாதது எங்களுடையதல்ல என்று சொல்லிவிடலாம். 13-க்கு அடுத்து 15 வந்தால் ஒன்று விட்டுப்போனதை சி.ஆர்.களே பிடித்துவிடுவார்கள்.

கைமாற்றும் நாள்

பழைய நிர்வாகியும் புதிய நிர்வாகியும் ஆலோசக ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை. கடவுச்சொல் மாற்றம், மீட்பு எண் மாற்றம், கம்யூனிட்டி உரிமை மாற்றம், ஷேர்டு டிரைவ் நிர்வாகி மாற்றம், பழைய சி.ஆர். பட்டியலை நீக்குவது: ஒவ்வொன்றையும் செய்து முடித்துப் பட்டியலில் டிக் அடியுங்கள். பழைய நிர்வாகிகளை உடனே வெளியேற்ற வேண்டாம். செப்டம்பர் வரை சாதாரண உறுப்பினராக வைத்திருந்தால் சந்தேகம் கேட்க வசதி.

பேரவைக்கென்று தனி சிம் இருந்தால் கோடை விடுமுறைதான் ஆபத்துக் காலம். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத பிரீபெய்டு இணைப்பைத் துண்டிக்க நிறுவனத்துக்கு இடமுண்டு; துண்டித்த எண் பிறகு வேறொருவருக்குப் போகும். வாட்ஸ்அப்பும் 120 நாள் தொடாத கணக்கைப் பொதுவாக நீக்கிவிடும். சிம்மைக் கல்லூரி பெயரில் வாங்குங்கள், ஏப்ரலில் ரீசார்ஜ் செய்யுங்கள், மே மாதம் ஒரு நாள் ஆசிரியரோ அலுவலக உதவியாளரோ அந்த போனை ஆன் செய்து ஒரு அழைப்புப் பேசி, வாட்ஸ்அப்பையும் திறந்து பார்த்து வைக்கட்டும்.