கொசப்பேட்டை வீட்டில் ஓதம் (சுவர் ஈரம்) நின்றுபோன கதை

வேலூர் கொசப்பேட்டையில் ஒரு பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டை (மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை) வாங்கினேன், சரிசெய்து விற்கலாம் என்று. வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப் பத்திரம் எல்லாம் பார்த்தாயிற்று. சுவரைத்தான் சரியாகப் பார்க்கவில்லை.

முன்கூடத்தில் இடுப்பளவுக்குக் காரை உதிர்ந்திருந்தது. கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, பெயிண்ட்டும் அடித்தோம். ஒரு மழைக்காலம் போனதும் பெயிண்ட் கொப்புளமாக எழும்பியது. விரலால் தொட்டால் வெள்ளையாக உப்பு கொட்டியது. வயிறு எரிந்தது.

ஆரணிப் பக்கத்திலிருந்து வயதான மேஸ்திரி ஒருவர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடணும் தம்பி. சிமெண்ட்டைப் பூசி வாயை அடைச்சிட்டீங்க" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்பைத் தள்ளிக்கொண்டிருந்தது.

சிமெண்ட் பூச்சை மொத்தமாக எடுத்தோம். சுவரை ஒட்டித் தேங்கிய தண்ணீருக்கு வாட்டம் கொடுத்துத் தெருக் கால்வாயில் விட்டோம். சித்திரை, வைகாசி வெயிலில் சுவரைச் சும்மா காயவிட்டேன். வேலூர் வெயிலுக்கு அன்றுதான் நன்றி சொன்னேன். பிறகு நீற்றிய சுண்ணாம்பும் மணலும், கடுக்காய், வெல்லம் ஊறவைத்த தண்ணீரில் குழைத்துப் பூச்சு. மேலே பெயிண்ட் கிடையாது, வெள்ளையடிப்பு மட்டும்.

அடுத்த ஐப்பசி அடைமழையிலும் சுவர் காய்ந்தே இருந்தது. 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் வழக்கமான வருமானத்தோடு சேர்ந்து வரியாகும் என்பதால் இன்னும் விற்கவில்லை. இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறேன்.