வளவுக்கு ஏற்ற சட்டைப்பைக் கேமரா: தேர்ந்தெடுக்கும் முறை

காரைக்குடியில் சட்டைப்பையில் அடங்கும் வீடியோ கேமரா விசாரிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான். வீடியோவுக்கு அந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. ஃபுல் எச்டி படத்தின் ஒரு ஃபிரேமில், அதாவது வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனிப்படம் ஒன்றில், இருப்பவை 1920 × 1080, ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் (2 மெகாபிக்சல்). இன்று விற்கும் எந்தக் கேமராவும் அதை எட்டிவிடும். எனவே பெட்டியில் அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு, உங்கள் வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

முதற்படி, வெளிச்சம். நம் செட்டிநாட்டு வீடுகளில் வளவு வாசலில், அதாவது வீட்டின் நடுவே உள்ள திறந்த முற்றத்தில், உச்சிவெயில் கொட்டும்போதே அதற்கு அடுத்த இரண்டாம் கட்டுக்குள் அரையிருட்டாக இருக்கும். ஆகவே கடை வாசலில் நின்று, வெயில் அடிக்கும் தெருவில் தொடங்கிக் கடையின் உள்மூலை வரை கேமராவை நிறுத்தாமல் திருப்பி, உள்ளே நிற்பவரின் முகம் தெளிய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சாரின் அளவையும் கேளுங்கள்: பின்னமாகச் சொல்வதால் 1/2.3 என்பது 1/5.8-ஐ விடப் பெரியது, பெரிய சென்சார் இருட்டில் கைகொடுக்கும். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். நகரத்தார் வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்பன்று இரவு, ஐயா 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி ஒவ்வொருவராக அழைத்துக் கொடுத்ததை இரவல் கேமரா ஒன்றில் எடுத்தேன். பிறகு போட்டுப் பார்த்தால் சுடர் வெள்ளைப் பொட்டாக இருந்தது, ஐயாவின் முகமோ புள்ளிகள் மொய்த்த நிழலாக இருந்தது.

அடுத்தது, வெளிநாட்டு உறவினர் வாங்கிவரும் கேமராவுக்கு மிக முக்கியமானது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சோக் வைத்த பழைய டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள அமெரிக்காவுக்கென்று அமைத்த கேமரா வினாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும்போது இந்த மினுக்கம் படத்தில் துடிப்பாகவோ பட்டைகளாகவோ விழக்கூடும். மெனுவில் 25 அல்லது 50 ஃபிரேமுக்கு மாற்ற வழியிருக்கிறதா என்று வாங்குமுன் கேட்டுப் பார்க்கும்படி அவர்களிடம் சொல்லுங்கள். சில கேமராக்களில் இது "பால்" என்று இருக்கும். கறக்கும் பால் அன்று, தொலைக்காட்சி முறையொன்றின் பெயர்.

மூன்றாவதாக ஒலி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் முட்டை வெள்ளைக்கரு கலந்து மெழுகிய சுவரும் ஒலியைத் திருப்பி அடிப்பதால், பட்டாலை என்னும் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து எடுத்தால் அப்பத்தா சொல்லும் கதை கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஓரிரண்டு அடி தொலைவுக்கு நெருங்கி எடுப்பது ஒரு வழி; வெளி மைக் செருகும் துளை உள்ள கேமராவை வாங்கி, சட்டையில் மாட்டும் மைக்கைப் பயன்படுத்துவது அதைவிட நல்ல வழி. கதை, தாலாட்டு, தெம்மாங்கு இவற்றைப் பதிய நினைப்பவர்கள் படத்தில் சற்று விட்டுக்கொடுத்தேனும் இந்தத் துளையை விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

ஜூமைப் பொறுத்தவரை, லென்ஸால் ஆகும் ஆப்டிகல் ஜூமை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். டிஜிட்டல் ஜூம் இருக்கும் படத்தையே வெட்டிப் பெரிதாக்குவது. குழந்தையின் பின்னால் நடந்தபடி எடுப்பவருக்குக் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி அதைவிடத் தேவை.

பிறகு கார்டும் பேட்டரியும். வினாடிக்கு 24 மெகாபிட் (8 மெகாபிட் ஒரு மெகாபைட்) வேகத்தில் பதியும் கேமராவுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 10.8 ஜிபி வேண்டும். 32 ஜிபி கார்டில் மூன்று மணி நேரம்கூட முழுதாக அடங்காது. கார்டில் வட்டத்துக்குள் 10 என்று அச்சிட்டிருந்தால் வினாடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும், அது போதும். நீண்ட பதிவு 4 ஜிபிக்கு ஒன்றாகத் துண்டுபட்டிருந்தால் பயப்பட வேண்டாம். அது கார்டின் கோப்பு முறையிலுள்ள வரம்பு. பேட்டரியைக் கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். இவ்வகைச் சட்டைப்பைக் கேமராக்களைப் பரவலாக்கிய ஃபிளிப் என்ற கேமராவின் தயாரிப்பு 2011-இல் நிறுத்தப்பட்டது; யாரேனும் அதைச் சும்மா கொடுத்தாலும், கார்டு போட அதில் இடமில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

வாங்கிய அன்றே தேதியையும் நேரத்தையும் சரிசெய்து, விளக்கு வைத்தபின் வளவில் பத்து நிமிடம் எடுத்து, டிவியில் போட்டுப் பாருங்கள். முகமோ குரலோ தெளியவில்லையென்றால், பில்லோடு மறுநாளே கடைக்குப் போய்விடுங்கள்.