மடிக்கணினிக்கு வெளியே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு: இணைப்பது எப்படி?

தம்பியின் மடிக்கணினியில் இருப்பது நான்கு ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1650 என்ற கிராஃபிக்ஸ் சில்லு, அதாவது திரைக்கான படங்களை வரையும் பகுதி. அண்மையில் வந்த விளையாட்டுகளைத் திறந்தாலே திணறியது. "அண்ணே, உள்ளே இருக்கும் கார்டை மட்டும் மாற்றிக் கொடுங்களேன்" என்று கேட்டான். அடிமூடியைக் கழற்றிக் காட்டினேன். கழற்றுவதற்கு அங்கே கார்டு என்று தனியாக எதுவும் இல்லை. செயலிக்குப் பக்கத்திலேயே கிராஃபிக்ஸ் சில்லையும் பலகையோடு பற்றவைத்திருக்கிறார்கள். இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இப்படித்தான். எம்எக்ஸ்எம் என்ற கழற்றி மாட்டும் வகைக் கார்டு சில பழைய, தடித்த மடிக்கணினிகளில் மட்டுமே இருந்தது. ஆகவே நாங்கள் கார்டை வெளியே ஒரு பெட்டியில் வைத்து இணைத்தோம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு மேசை மீது அது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் துளையைப் பாருங்கள்

டைப்-சி துளை வழியே தரவை மிக வேகமாக அனுப்பும் இணைப்புக்குத் தண்டர்போல்ட் என்று பெயர். தண்டர்போல்ட் 3 அல்லது அதற்குப் பிந்தையது இல்லாவிட்டால் இந்த வழியில் பணம் செலவழிக்காதீர்கள். டைப்-சி துளை இருப்பதாலேயே தண்டர்போல்ட் இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. துளைக்குப் பக்கத்தில் சின்ன மின்னல் குறி இருக்க வேண்டும். குறி இல்லையென்றால் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் உங்கள் மாடல் எண்ணைத் தேடுங்கள். சில மடிக்கணினிகள் தண்டர்போல்ட் 3-க்கு நான்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகளை (செயலிக்கும் கார்டுக்கும் இடையே தரவு ஓடும் வழிகள்) தராமல் இரண்டோடு நிறுத்திவிடுகின்றன. அதையும் அங்கேயே பார்த்துவிடலாம். பயாஸையும் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) தண்டர்போல்ட் டிரைவரையும் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) அன்றே புதுப்பித்துவிடுங்கள்.

பெட்டியும் கார்டும்

திறந்த பலகையில் கார்டை நிறுத்தி, தனியாக ஒரு மின்வழங்கியை வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். செலவு குறையும். ஆனாலும் வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மூடிய பெட்டிதான் என் தேர்வு. நாங்கள் வாங்கியது பழைய ரேசர் கோர் எக்ஸ். அதனுள்ளேயே 650 வாட் மின்வழங்கி இருக்கிறது. மடிக்கணினிக்கும் 100 வாட் வரை மின்சாரம் தரும்.

கார்டில் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060-ஐ எடுத்தோம். மேசைக் கணினியில் இந்தக் கார்டுக்குப் பதினாறு பாதைகள் கிடைக்கும். இங்கே நான்குதான். கார்டின் நினைவகம் நிரம்பி வழிந்தால் தரவு அந்தக் குறுகிய வழியில் போய்த் திரும்ப வேண்டும், ஆட்டம் விக்கி விக்கி ஓடும். அதனால் இந்த ஏற்பாட்டில் நினைவகம் கூடுதலாக உள்ள கார்டே நல்லது. வாங்கும் முன் பெட்டியின் உள்நீளத்தை அளந்துகொள்ளுங்கள்.

மாட்டுவது எளிது. மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, கார்டை நேராக அழுத்துங்கள். 'டக்' என்று கேட்கும். எட்டு முள் மின்கம்பியின் நுனி ஆறும் இரண்டுமாகப் பிரிந்திருக்கும். இரண்டையும் விரலால் சேர்த்துப் பிடித்து ஒன்றாக உள்ளே தள்ள வேண்டும்.

இரண்டு மாலைகளைத் தின்ற கம்பி

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். எங்களுக்குப் பெட்டியை விற்றவரிடம் அதன் சொந்தக் கம்பி இல்லை. இரண்டு பக்கமும் டைப்-சி முனை உள்ள வேறொரு நீளமான கம்பியைக் கொடுத்தார். மாட்டினோம். மடிக்கணினியில் எந்த அசைவும் இல்லை. விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரே வரவில்லை. டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன், பயாஸை இரண்டு முறை மாற்றினேன். கார்டுதான் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு புக்கிட் பிந்தாங்கில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போனேன். கடைக்காரர் தம் மேசைக் கணினியில் மாட்டிக் காட்டினார். கார்டு அருமையாக ஓடியது.

மிச்சம் இருந்தது கம்பி ஒன்றுதான். அங்கேயே தண்டர்போல்ட் கம்பி ஒன்றைக் கேட்டு வாங்கி, பழையதையும் புதியதையும் விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முனையின் வடிவம் ஒன்றேதான். புதியதன் பிடியில் மின்னல் குறியும் அருகில் 3 என்ற எண்ணும் அச்சாகியிருந்தன. பழையதன் பிடி வெறுமையாக இருந்தது. அது சார்ஜ் ஏற்றும் கம்பி. வீட்டுக்கு வந்து புதியதை மாட்டியதும் பெட்டியின் விசிறி சுழன்றது.

நீளத்திலும் கவனம் வேண்டும். தண்டர்போல்ட் 3-இல் சாதாரணக் கம்பி அரை மீட்டர் அளவில் இருந்தால் விநாடிக்கு 40 கிகாபிட் முழு வேகம் கிடைக்கும். அதே வகையில் இரண்டு மீட்டர் வாங்கினால் வேகம் பாதியாகிவிடும். நீளமும் வேகமும் சேர்ந்து வேண்டுமென்றால் உள்ளேயே சிறு சில்லு வைத்த 'ஆக்டிவ்' வகைக் கம்பியைக் கேளுங்கள், விலை கூடுதல். என் கருத்தில் பெட்டியை மடிக்கணினிக்கு அருகில் நகர்த்துவதே மேல்.

டிரைவரும் திரையும்

இணைத்தவுடன் அனுமதி கேட்டால், எப்போதும் இணைக்கலாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு என்விடியாவின் தளத்திலிருந்து டிரைவரை நிறுவுங்கள். டிவைஸ் மேனேஜரில் 'Code 12' என்ற பிழை வந்தால், உள்ளே இருக்கும் பழைய கிராஃபிக்ஸை அங்கேயே முடக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் புதிய கார்டைக் குறித்துவிடுங்கள்.

கழற்றும்போது முதலில் விண்டோஸில் துண்டித்துவிட்டுப் பிறகு கம்பியை எடுங்கள். கோலாலம்பூரில் மாலை மழை இடியோடுதான் வரும். இடி கேட்டால் பெட்டியின் மின்செருகியையும் பிடுங்கிவிடுங்கள். மின்னழுத்தப் பாதுகாப்புள்ள நீட்டுப்பலகை ஒன்றும் வாங்கிவையுங்கள்.

பிற்சேர்க்கை

பினாங்கு பாயான் லெப்பாஸிலிருந்து ஒருவர், எல்லாம் சரியாக இருந்தும் வேகம் கூடவில்லை என்று எழுதியிருந்தார். திரையின் எச்டிஎம்ஐ கம்பியை மடிக்கணினியில் செருகியிருக்கிறார். அப்படிச் செய்தால் கார்டு வரைந்த படம் அதே தண்டர்போல்ட் கம்பி வழியாகத் திரும்பி வர வேண்டும், வேகம் அதிலேயே போய்விடும். மடிக்கணினியின் சொந்தத் திரையில் விளையாடினாலும் இதே கதிதான். திரையைக் கார்டின் முதுகிலுள்ள துளையிலேயே செருகுங்கள்.

தண்டர்போல்ட் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று இன்னும் சிலர் கேட்டிருந்தார்கள். எஸ்எஸ்டி சேமிப்பகத்தை மாட்டும் எம்.2 துளையிலிருந்து கம்பி இழுக்கும் பலகைகள் கிடைக்கின்றன. அதற்குக் கூடுதலாக ஓர் எம்.2 துளை காலியாக இருக்க வேண்டும், அடிமூடியையும் திறந்தே வைக்க வேண்டியிருக்கும். மடிக்கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கம்பியை மாட்டவோ கழற்றவோ கூடாது. முழுவதுமாக அணைத்த பிறகே தொடுங்கள்.