சாலிட் சர்ஃபேஸ் பலகையில் வேலை செய்வது எப்படி?

சமையல் மேடைக்குப் போடும் சாலிட் சர்ஃபேஸ் பலகை பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும், அறுக்க மரவேலைக் கருவிகளே போதும். 1967-ல் டூபாண்ட் நிறுவனம் கொரியன் (Corian) என்ற பெயரில் உருவாக்கியது இதன் முன்னோடி. மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசின், மீதி பெரும்பாலும் அலுமினியத் தாதுப் பொடி. சிங்க்குக்காக வெட்டிய நடுத்துண்டு எங்காவது கிடைத்தால் விடாதீர்கள், குளியலறைக்கு அழகான ஷெல்ஃப் செய்யலாம்.

அறுக்க கார்பைடு பல் வைத்த பிளேடு வேண்டும். மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி அறுக்கும் ஜிக்சா வேண்டாம், ஓரம் சிதறும். தூள் மாவு போலப் பறக்கும், மாஸ்க் போடாமல் தொடவே தொடாதீர்கள்.

எல்லாமே இரண்டு துண்டுகளை ஒட்டும் ஜாயிண்டில்தான் இருக்கிறது. அறுத்த ஓரத்தை அப்படியே ஒட்டினால் கோடு தெரியும், அதனால் நேரான சட்டத்தைப் பிடித்து ரவுட்டரால் (சுழலும் பிட்டால் ஓரம் சீவும் மின்கருவி) ஒருமுறை சீவிவிட்டு, பசை இல்லாமல் இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், எங்கும் வெளிச்சம் கசியக் கூடாது. பிறகு வெள்ளைத் துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, அதே நிறத்தில் வரும் இரண்டு பாகப் பசையைக் கலந்து போடுங்கள். துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பை ரொம்ப இறுக்காதீர்கள்! பசை முழுக்க வெளியே போய்விட்டால் ஒட்டுவதற்கு உள்ளே என்ன இருக்கும்? நீளம் முழுக்க சின்னச் சின்ன மணியாகப் பிதுங்கினால் சரி. அதை ஈரத்தில் துடைக்கவும் வேண்டாம். காய்ந்தபின் ஒரு மணியை நகத்தால் அழுத்துங்கள், பள்ளம் விழாமல் பொட்டென்று உடைந்து தெறித்தால் தேய்க்கலாம்.

உள்மூலை எதையும் கூர்மையாக விடாதீர்கள், வளைவாகவே வெட்டுங்கள். விரிசல் முக்கால்வாசி அங்கிருந்துதான் கிளம்பும்.

சூட்டில் இது நீளும். 3 மீட்டர் பலகை 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், ஆகவே சுவரோரம் அந்த அளவு இடைவெளி விட்டு சிலிக்கானால் மூடுங்கள். அடியிலும் சிலிக்கான் பொட்டுகள்தான், பலகையில் நேரடியாக ஸ்க்ரூ அடிக்காதீர்கள்.

கடைசியாக உப்புத்தாள், 120, 180, 240 நம்பர் என்று சொரசொரப்பிலிருந்து நைசுக்கு வரிசையாக. ஒன்றைத் தாண்டிப் போனால் முந்தையதன் கீறல் சாய்ந்த வெளிச்சத்தில் அப்படியே தெரியும், கறுப்புப் பலகையில் இன்னும் மோசம். முதல் வேலைக்கு வெளிர் நிறமாகவே எடுங்கள்.