செம்பருத்தியை வெட்டப் பயப்படாதீர்கள்

மதுரையில் எங்கள் மொட்டைமாடியில் 14 செம்பருத்தித் தொட்டிகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டு அக்கா வரும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: "என் செடி ஆளுயரம் நிக்குது, பூ மட்டும் ரெண்டுதான். ஏன்ப்பா?" வெட்டாததுதான் காரணம். செம்பருத்தி புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். நெட்டையாகப் போன கிளையின் நுனியை வெட்டினால் அதன் கீழே இரண்டு மூன்று துளிர் கிளம்பும். அத்தனையிலும் பூ வரும்.

மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு வெட்டுவேன். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போகலாம். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக, ஒரே வெட்டு. மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கிவிடும். அந்த இடம் கருகிக் கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். சரியாக வெட்டினாலும் அப்புறம் இரண்டு மாதம் போலப் பூ இருக்காது. பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

ஹைப்ரிட் வகைகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். மஞ்சள் இதழும் நடுவில் ரத்தச் சிவப்புமாக உள்ளங்கை அகலத்தில் பூத்த செடி ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அதில் சாதாரண ஒற்றைச் சிவப்புப் பூ வந்தது. குனிந்து பார்த்தால் தண்டின் அடியில் முடிச்சுப் போல ஓர் ஒட்டு; நாட்டுச் செடியின் தண்டில் ஹைப்ரிட் கிளையை இணைத்த இடம் அது. அதற்குக் கீழே, நாட்டுச் செடியிலிருந்து கிளம்பிய துளிர் தடித்து வளர்ந்து மேலே இருந்த மஞ்சளைக் காயவைத்துவிட்டது. இன்றும் மனசு கேட்கவில்லை. ஒட்டுக்குக் கீழே எந்தத் துளிரைப் பார்த்தாலும் உடனே கிள்ளிவிடுங்கள். நடும்போதும் ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும்.

தொட்டி 14 அங்குலமாவது வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஆறு மணி நேர வெயில் விழுகிற இடம். சித்திரை வெயிலில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் மொட்டு மஞ்சளாகிக் கொட்டும். அந்த மாதங்களில் காலை, மாலை இரு வேளையும் ஊற்றுகிறேன்.

பூ வேண்டும் என்று டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் போடாதீர்கள். அதில் பாஸ்பரஸ் சத்து 46 சதவீதம்; செம்பருத்திக்கு அது அதிகமானால் ஆகாது. நான் போட்டு, இளம் இலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. இப்போது மாதம் ஒரு முறை தொழுஉரமும் துளி பொட்டாஷும்தான்.

கடைசியாக மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் துளிரை விரித்துப் பாருங்கள். இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சைக் கிள்ளி ஒட்டியது போல வெள்ளையாக இருக்கும். அதன் இனிப்புக் கழிவுக்காகத்தான் எறும்பு வருகிறது. சுருண்ட நுனியை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மீதிச் செடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்பு நீர். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று முறை. புதுச் செடி வாங்கினால் பத்து நாள் தனியே வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேருங்கள்.