டேப்லெட் இதழ்ச் செயலிக்கு ஏற்ற தொழில்நுட்பம்

மூணாறு, பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் பாலக்காட்டுச் சித்தூரிலும் உள்ள தமிழ் வாசகர்களுக்காக டேப்லெட்டில் ஊடாடும் இதழ் ஒன்றைக் கொண்டுவர எண்ணுவோர், பக்கங்களைப் படங்களாக மாற்றி அடுக்கும் முறையை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கும்போது அதில் வரிகள் மடங்கி அமையா. கோப்பின் அளவும் பெருகுவதால், சிக்னல் நலிந்த மலைச்சரிவுகளில் இதழ் இறங்கவே நெடுநேரமாகும்.

என் பரிந்துரை, இணையப் பக்கங்களை அமைக்கும் குறிமொழியான எச்டிஎம்எல்5. ஒருமுறை உருவாக்கிய பக்கம் ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் இயங்கும். பிளாஷ் என்ற அசைவூட்ட மென்பொருளில் செய்த பழைய ஊடாட்டங்களை, அதற்கான ஆதரவு 2020 இறுதியில் நின்றுவிட்டதால், புதிதாகவே எழுத வேண்டும். பக்கங்களைச் சாதனத்திலேயே சேமித்துவைக்க உதவும் சர்வீஸ் ஒர்க்கர் என்ற உலாவி நிரல் கொண்டு இணையமின்றியும் படிக்கச் செய்யலாம். ஆயினும் முகப்புத் திரையில் சேர்க்கப்படாத தளம் ஐபேடில் சேமித்தவற்றைச் சில நாள் பயன்படுத்தாவிட்டால் அதன் உலாவியான சஃபாரி நீக்கிவிடக்கூடும் என்பதால், பழைய இதழ்களைப் பாதுகாக்க விரும்பும் வாசகர்களுக்கு அதே பக்கங்களைக் கெப்பாசிட்டர் போன்ற கருவியால் செயலியாகப் பொதிந்து தருவதே பொருத்தம். அசைவூட்டமும் விளையாட்டும் மிகுந்த இதழுக்கு ஃப்ளட்டர் என்ற செயலி உருவாக்கும் கருவி நன்று. கட்டுரைகளே மிகுதியென்றால் அது தேவையில்லை.

தமிழும் மலையாளமும் அருகருகே வரும் இதழில் எல்லா உரையும், பல மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடில் இருப்பது இன்றியமையாதது. பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் வந்த கட்டுரைகளை மாற்றிய பின், ஒகர, ஓகாரக் குறிகளைக் கண்ணால் சரிபார்த்து, இரு மொழிக்கும் உரிய நோட்டோ எழுத்துருக்களைச் செயலிக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். விலை குறைந்த, பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலேயே முதல் சோதனையை நடத்துங்கள்.